மாப்பிள்ளை அழைப்பும் பந்தயக் குழாயும்

எங்கள் முதலாளிக்குச் சத்தத்தின் மேல் ஆசை வந்தது சோழவரத்தில்தான். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். கும்மிடிப்பூண்டியில் அவருக்கு ஒரு இரும்பு உருக்கும் ஆலை. நான் அவருடைய டிரைவர். பந்தயத்துக்கு அவரை அழைத்துப் போனவனும் நான்தான். வெயிலில் தொப்பியைப் பிடித்தபடி நின்றிருந்தவர், பத்துப் பன்னிரண்டு கார்கள் காதைக் கிழித்துக்கொண்டு போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம வண்டி ஏண்டா இப்படிக் கத்த மாட்டேங்குது?"

நான் கார் கதவைத் திறந்துவிட்டேன். எதற்கும் அதிகம் பதில் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

நம்ம வண்டி என்று அவர் சொன்னது ஒரு சிவப்பு நிற வெளிநாட்டுக் கார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வாங்கியது. இரண்டே சீட், இரண்டு கார்பரேட்டர், கூரை கிடையாது. மணிக்கு நூற்றுச் சொச்சம் மைல் போகும் என்று மீட்டரில் எண் போட்டிருந்தது. ஆலைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே அன்று இருந்த சாலையில் இருபது மைலைத் தாண்டினால் பல் ஆடும். எழுபதுகளின் நடுவில் எங்கள் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பாதி ஆலைகளுக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது. அந்தப் புழுதியில் அந்தக் கார் போனால் நின்று பார்க்காதவர்கள் இல்லை. நான் கூட்டத்தைக் கண்டால் வேறு தெருவில் போகிறவன். டிரைவர் வேலை எனக்குப் பிடித்ததே, எல்லோரும் முதலாளியைத்தான் பார்ப்பார்கள், ஓட்டுகிறவனைப் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான். கூரையில்லாத காரில் அந்தச் சௌகரியமும் போய்விட்டது.

அடுத்த வாரமே மெட்ராஸில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் பளபளவென்று ஒரு புகைக்குழாயை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தார்.

"ரேஸ் பைப் சார். ஊதிப் பாருங்க, இந்தப் பக்கம் ஊதினா அந்தப் பக்கம் வந்துடும். உள்ள தடுப்பே இல்ல. பத்து குதிரை சக்தி கூடும்."

முதலாளி உண்மையிலேயே ஊதிப் பார்த்தார். மறுமுனையில் நின்ற என் சட்டையில் காற்றுப் பட்டது. வியாபாரம் முடிந்தது.

அந்தப் பத்துக் குதிரைகள் எங்கே போய் நின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வரும் வழியில் வண்டிக்கு வேகம் முன்னைவிட மெதுவாகத்தான் ஏறியது. சத்தம் மட்டும் கூடியிருந்தது. முப்பத்தைந்து மைல் வேகத்தில் ஒரு ரீங்காரம் கிளம்பி, தாடை எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்னால் பட்பட்டென்று வெடித்தது. செங்குன்றத்தில் ஒரு டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். கவரைப்பேட்டை தாண்டி ஒரு மாட்டு வண்டிக்காக வேகத்தைக் குறைத்தபோது, இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றே போயிற்று.

"புதுசுல்ல, பழகும்," என்றார் முதலாளி.

குழாய்க்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

பழகவில்லை. மெதுவாகப் போனால் நிற்கும். நின்றால் சுலபத்தில் கிளம்பாது. கிளம்பினால் வெடிக்கும். பழைய சைலன்சரையே மாட்டிவிடலாம் என்று சொல்ல நான் இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் துணிந்து சொன்னேன்.

"அதுவா? பழைய இரும்போட போட்டாச்சு. இந்நேரம் கம்பியா ஓடிப் போயிருக்கும்," என்றார்.

மற்ற முதலாளிகள் பழைய சைலன்சரை ஷெட்டில் போட்டு வைப்பார்கள். எங்கள் முதலாளியிடம் இரும்பு என்று எது கிடைத்தாலும் அது சாயங்காலத்துக்குள் உலைக்குப் போய்விடும். என் அமைதி யார் வீட்டுக் கூரைக் கம்பியாகவோ ஆகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண்ணுக்கு ஊர் பொன்னேரி. அவள் அப்பா அங்கே ஒரு ரைஸ் மில்லில் எண்ணெய் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர். பெண் பார்க்கப் போன அன்று நானும் அவளும் ஆளுக்கொரு மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ கொடுத்துவிட்டு, "சக்கர போதுமா?" என்று கேட்டாள். அதில் சர்க்கரையே இல்லை. "போதும்," என்றேன். திரும்பி உள்ளே போகும்போது அவளுக்கே அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கதவு நிலையில் ஒரு நொடி நின்று, தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமே வராமல். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதலாளியும் வந்தார். வெற்றிலை பாக்கு மாற்றியதும் எழுந்து நின்று, கேட்காமலே ஒரு வாக்குக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம காரு. நானே ஓட்டிக்கினு வரேன். என் டிரைவருக்கு நான் டிரைவர்!"

எல்லோரும் கை தட்டினார்கள். பெண்ணின் அப்பா சத்தம் வேண்டாம் என்று சொல்லுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவரோ வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். எத்தனையோ வருடம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்ததில் அவருக்குக் காது பாதிதான்.

"இதாம்பா வண்டி. மத்த காரெல்லாம் பூன மாரி வருது. இது எனக்கே கேக்குது!"

அவருடைய அக்காதான் முகத்தைச் சுளித்தார். அந்த அத்தைக்குத் தன் கொழுந்தன் மகனுக்கு இந்தப் பெண்ணைக் கட்டிவைக்க ஆசை. அது நடக்காமல் போனதில் இருந்து எங்கள் சம்பந்தத்தில் ஏதாவது அபசகுனம் அகப்படுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான்.

"காரு வரட்டும். ஆனா ஒண்ணு," என்றார். "புள்ளையார் கோயில்ல கெளம்பினா பொண்ணு ஊட்டு வாசல்லதான் நிக்கணும். நடுவுல நின்னாலும் ஆவாது, பின்னாலேர்ந்து தள்ளினாலும் ஆவாது. எங்க சின்னவ கண்ணாலத்துல குதுர வண்டி நடுத்தெருவுல நின்னுச்சி. இன்னா ஆச்சின்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியாது. கேட்கக் கூச்சம். அத்தை தொடர்ந்தார்: "நின்னுச்சின்னு வெச்சிக்க, காலைல தாலி ஏறாது. நான் ஏற வுட மாட்டேன்."

மாப்பிள்ளை ஊர்வலம் நாதஸ்வரக்காரர் நடக்கும் வேகத்தில்தான் போகும். எங்கள் காருக்குத் தெரியாத ஒரே வேகம் அதுதான்.

மறுநாள் ஆலையின் ஃபிட்டரிடம் போய் நின்றேன். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். உலையைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் அவர் மதித்ததில்லை. காரைக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"இதுக்கா நைனா இவ்ளோ பேஜாரு? எஞ்சின்னா குட்டி ஒல. பைப்புன்னா சிம்னி. சிம்னி குட்டையா கீது, அதான் இழுக்கல."

மூன்றடி நீளத்துக்கு இன்னொரு குழாயைப் பற்றவைத்தார். காருக்குப் பின்னால் அது வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. முதல் நாளே வாட்ச்மேன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து அதில் மோதினார். இரண்டாம் நாள் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் கடக்கும்போது குழாயின் நுனி இடறி, ஒட்டிய துண்டு கழன்று அங்கேயே தங்கிவிட்டது. கேட்கீப்பர் திட்டிய திட்டில், திறந்த காரில் எங்கே ஒளிவது என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்ததாக ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்: திருஷ்டி. புதுக் குழாயைப் பார்த்து எஸ்டேட்டே வயிறெரிகிறது என்றார். எலுமிச்சம்பழத்தோடு பச்சை மிளகாயும் காய்ந்த மிளகாயும் கோத்து, பம்பரில் கட்டாமல், கண் பட்டது எதன் மேலோ அதிலேயே கட்டவேண்டும் என்று குழாயின் வாயிலேயே கட்டினார்கள். முதலாளி வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறும விட்டார். குழாய் சூடேறியது. மிளகாய் வறுபட்டது. கேட்டருகே நின்றவர்கள் முதலில் இருமினார்கள். பிறகு ஆபீஸ், பிறகு பக்கத்து ஆலை. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடினார்கள். கணக்குக்காரர் கண்ணீரோடு சொன்னார்: "பாத்தியா, எவ்ளோ திருஷ்டி இருந்திருக்குன்னு!"

மெட்ராஸ் பட்டறைக்கு முதலாளியே டிரங்க் கால் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது.

"மெதுவா போனா நிக்குதா? ரேஸ் பைப் சார். வேகமா போங்க, சரியாயிடும்."

"கல்யாண ஊர்வலம்யா!"

"அப்ப மேளக்காரரை வேகமா போகச் சொல்லுங்க சார்."

முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. நாதஸ்வரக்காரர்களை ஒரு லாரியில் ஏற்றி முன்னால் விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் அவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கோளாறு அகப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில். எங்கள் ஆலையில் வெள்ளிக்கிழமைதோறும் உலைக்குப் பூஜை போடுவார்கள். திருஷ்டிக்குப் பிறகு காருக்கும் சேர்த்துப் போடுவது என்று ஆகியிருந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, ஓடுகிற இன்ஜினுக்கு முன்னால் ஃபிட்டர் ஊதுபத்தியைச் சுற்றினார். புகை மேலே போகவில்லை. ஒரு இடத்தில் நூல் மாதிரி வளைந்து, கார்பரேட்டருக்குக் கீழே இன்ஜினுக்குள்ளேயே நுழைந்தது.

"அட, எஞ்சின் சாமி கும்புடுதுடா!" என்று கத்தினார் ஃபிட்டர். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் சுற்றினார். மறுபடியும் அதே இடத்தில் புகை உள்ளே போயிற்று. மூன்றாம் முறைதான் அவருடைய முகம் மாறியது. "ஊத வேண்டிய எடத்துல இழுக்குதே! இங்க ஓட்ட கீது நைனா."

அந்தக் காரில் காற்று உள்ளே போகிற வழிக்கும் புகை வெளியே வருகிற வழிக்கும் சேர்த்து ஒரே கேஸ்கெட், காற்றுக் கசியாமல் அடைக்கும் தகடு. புதுக் குழாயை மாட்டும்போது பட்டறையில் அதைக் கழற்றிவிட்டு, கிழிந்த பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கிழிசல் வழியாக வேண்டாத காற்று உள்ளே போய், பெட்ரோல் போதாமல் வண்டி மெதுவான வேகத்தில் செத்துக்கொண்டிருந்தது. உலைக் கதவுக்குப் போடும் கல்நார் தகட்டில் ஃபிட்டர் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டார். பெட்ரோலை அளந்து விடும் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரியான அளவில் வைத்தோம். இன்ஜின் நின்ற இடத்தில் சீராக ஓடியது. ஆலையைச் சுற்றி நடக்கிற வேகத்தில் மூன்று சுற்று போனேன். நிற்கவில்லை. வெடிக்கவும் இல்லை. அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

முதலாளிக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், பொன்னேரி பிள்ளையார் கோயில் வாசல். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் வேர்வையில் கரையும் சந்தனம். என்னை இடது பக்க சீட்டில் உட்கார வைத்தார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். இரண்டு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு சுமப்பவர்கள். தெருவே நின்று பார்த்தது. முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்புமுன் என் காதருகே குனிந்தார்.

"அந்த ஃபிட்டர் பய வெடிச் சத்தத்தையே இல்லாம பண்ணிட்டான்டா. இன்னாடா இது, தையல் மெஷின் மாதிரி? காலைல நானே ஸ்க்ரூவ பழைய மாதிரி திருப்பி வெச்சிட்டேன். வெடி வெடிச்சாத்தானே கல்யாணம்!"

இறங்கிப் போய் ஸ்க்ரூவைத் திருப்பலாம் என்றால் அதற்குள் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, மேளம் கிளம்பிவிட்டது. அத்தை காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார், கண்ணைச் சக்கரத்தில் வைத்தபடி.

முதலாளிக்கு அரைக் கிளட்சில் வண்டியை ஊர விட்டு ஓட்டத் தெரியாது. அப்படி ஓட்ட வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன். கார் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போயிற்று. ஒவ்வொரு குதிப்புக்கும் என் மாலையில் இருந்து பூ உதிர்ந்தது. அவர் காலை எடுத்தபோதெல்லாம் பின்னால் வெடித்தது. முதல் வெடிக்கு நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை விழுங்கினார். இரண்டாவது வெடிக்குத் திரும்பி முறைத்தார். தவில்காரர் விவரமானவர். நாலைந்து வெடி கேட்டதும் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். குழாய் பட்பட் என்றால் இவர் அதையே தவிலில் திருப்பி அடித்தார். ஜனம் ஆரவாரித்தது. பின்னால் ரைஸ் மில் மாமா, "நல்லா கேக்குது, நல்லா கேக்குது!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதலாளி சந்தோஷத்தில் இன்னும் மிதித்தார். கிளட்ச் கருகும் வாசனை மல்லிகைப்பூ வாசனையோடு கலந்தது.

பெண் வீட்டுக்குப் போகிற தெரு கொஞ்சம் மேடு. அங்கே திரும்பியதும் இன்ஜின் இருமியது. எனக்கு அந்த இருமல் தெரியும். இன்னும் இரண்டு இருமல், பிறகு ஒன்றும் இருக்காது.

"டேய்," என்றார் முதலாளி, முகம் வெளிறி. "நிக்கப் போவுதுடா."

அத்தை நடையை நிறுத்தி இடுப்பில் கை வைத்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்தேன்.

அந்த நொடியில் எனக்குச் சர்க்கரை இல்லாத டீதான் நினைவுக்கு வந்தது. டேஷ்போர்டில் இருந்த சோக்கை முழுக்க இழுத்தேன். பெட்ரோல் கூடியதும் இன்ஜின் மூச்சு விட்டு எழுந்தது. "கிளட்ச்ச வுட்டுட்டு காலை எடுங்க. இப்படி நவுருங்க மொதலாளி," என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அவர் என்னைப் பார்த்தார். "நவுருங்கன்றேன்!"

சோக்கின் தயவில் கார் முதல் கியரில் தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. நான் என் பக்கம் குதித்தேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மாலையோடு, புகைக்கு நடுவே காரின் பின்பக்கமாக ஓடி வலது பக்கம் வந்தேன். அதற்குள் முதலாளி கோட்டைச் சுருட்டிக்கொண்டு என் சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். ஸ்டியரிங் அரை நிமிடம் யார் கையிலும் இல்லை. பெட்ரோமாக்ஸ்காரர் ஒருவர் மட்டும் சாக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். உள்ளே ஏறிக் கிளட்சில் கால் வைத்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. மாலை ஸ்டியரிங்கில் சிக்கியது. கழற்றி முதலாளி மடியில் போட்டேன். பூ கசங்கக் கூடாது என்று அவர் அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு கார் குதிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் நிதானமாக ஒரு ராகத்தை இழுத்தார். அவருடைய நிழல் மேல் ஏறாமல் பின்னாலேயே போனேன். அத்தை மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். அவர் பார்வை சக்கரத்தை விட்டு நகரவில்லை. சக்கரம் ஒரு நொடி கூட நிற்கவில்லை.

பெண் வீட்டு வாசல். ஆரத்தித் தட்டோடு நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவர்களுக்குக் கண் கூசியது. மாப்பிள்ளை சீட்டில் மாலையும் கோட்டுமாக ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூன்று முறை சுற்றினார்கள். நெற்றியில் பொட்டு வைத்தார்கள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

"அய்யோ, அது மாப்புள்ள இல்லடி!" என்றது உள்ளே இருந்து ஒரு குரல். "ஓட்டிக்கினு வந்தாரே, அவருதான் மாப்புள்ள."

சன்னலில் அவள் நின்றிருந்தாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஒரு கேள்வியாகத்தான் கேட்டிருந்தேன்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். ஆரத்தி ஆள் மாறிப் போனது என்ன சகுனம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அத்தை முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக டயரைப் பார்த்தார். தானே வைத்த சட்டத்துக்குள் ஓட்டை தேடினார் என்று நினைக்கிறேன்.

"வண்டி நிக்கல," என்றார், மனசே இல்லாமல். "நிக்காம வந்துச்சி. இன்னொரு தட்டு கரைச்சி எடுத்தாங்கடி."

தட்டு வரும்வரை நான் இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் அதையும் நின்றது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். இரண்டாவது தட்டை எனக்குச் சுற்றினார்கள். பொட்டும் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் முதலாளி மாலையைக் கழற்றாமல், தெருவில் கூடியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணாதடா," என்றார். "கொஞ்ச நேரம் ஓடட்டும். ஜனம் கேக்கட்டும்."

நான் சாவியைத் திருப்பினேன். குழாய் கடைசியாக ஒரு முறை வெடித்து அடங்கியது. அதன் பிறகுதான், என் கல்யாணத்துக்கு வாசித்த நாதஸ்வரம் எனக்குக் காதில் விழுந்தது.